4096-ஐத் தாண்டாத மைனஸ் எண்: என்ஜின்எக்ஸ் 1.4.0 பிழையின் நிகழ்வு ஆய்வு

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் 1.4.0 பதிப்பு 2013 ஏப்ரல் 24 அன்று வெளிவந்தது. பதின்மூன்றே நாளில், மே 7 அன்று, 1.4.1 வந்துவிட்டது. அதன் மாற்றக் குறிப்பில் இருந்த செய்தி கடுமையானது. வெளியிலிருந்து ஒருவர் திட்டமிட்டுத் தயாரித்த ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பினால் போதும், கோரிக்கைகளைக் கையாளும் வொர்க்கர் ப்ராசஸின் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதி, மேலெழுதப்படும். அதன் வழியாக அவர் தனக்கு வேண்டிய நிரல் கோடை அங்கே ஓட்டவும் முடியலாம். லாகின் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. ஐசைட் பார்ட்னர்ஸ் ஆய்வகத்தின் கிரெக் மக்மேனஸ் கண்டுபிடித்துச் சொன்ன இந்தப் பிழைக்கு, பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில், சிவிஇ-2013-2028 என்று எண் கொடுத்தார்கள்.

சைன்டு (மைனஸையும் ஏற்கும் எண்), அன்சைன்டு (மைனஸே இல்லாத எண்) குழப்பம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரே ஓர் உதாரணம்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் சைன்டு எண், மறுபக்கம் அன்சைன்டு எண், நடுவில் ஒரு ஒப்பீடு. மைனஸ் 1 சத்தமில்லாமல் மிகப் பெரிய எண்ணாக மாறி, ஒப்பீட்டின் விடை தலைகீழாகிவிடும். பாடங்களில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள், கம்பைலரும் இதற்குத்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. ஆனால் என்ஜின்எக்ஸ் பிழையில் அப்படி ஒரு ஒப்பீடே கிடையாது. இரு பக்கமும் சைன்டுதான், கணக்குப்படி விடையும் சரிதான். அதனால்தான் அது அத்தனை கண்களையும் தாண்டிப் போனது. நெட்வொர்க் கோடு எழுதுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை வரி வரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

எண் உள்ளே வந்த வழி

ஒரு எச்டிடிபி கோரிக்கையின் உடல் எவ்வளவு நீளம் என்று சர்வருக்குச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. கன்டென்ட்-லென்த் என்ற தலைப்பில் மொத்த நீளத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மொத்தம் தெரியாதபோது சங்க்டு முறையில் துண்டு துண்டாக அனுப்பலாம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு ஹெக்ஸ், அதாவது 16 அடிமான, எழுத்துகளில் வரும். 1000 என்று வந்தால் 4096 பைட், 10 என்று வந்தால் 16 பைட். அளவு 0 என்று வந்தால் உடல் முடிந்தது.

அந்த ஹெக்ஸ் எழுத்துகளை எண்ணாக மாற்றும் வேலை எளிது. கையில் இருக்கும் மதிப்பை 16 ஆல் பெருக்கு, புதிதாக வந்த இலக்கத்தைக் கூட்டு, அடுத்த எழுத்துக்குப் போ. என்ஜின்எக்ஸ் பார்சர், அதாவது வரும் எழுத்துகளைப் படித்துப் பொருள் பிரிக்கும் பகுதி, இதைத்தான் செய்தது. எத்தனை இலக்கம் வரலாம் என்று மட்டும் அது கேட்கவில்லை. மதிப்பைச் சேமித்த மாறி ஆஃப்-டி வகை, அதாவது 64 பிட் சைன்டு எண். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 9223372036854775807. ஹெக்ஸில் 16 இலக்கம் வந்தால் 64 பிட்டும் நிரம்பிவிடும். முதல் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் உச்சியில் உள்ள பிட் 1 ஆகும். அந்தப் பிட்தான் குறி. எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் பதினைந்து சுழியங்களை எழுதி அனுப்பினால், சர்வரின் கையில் இருப்பது -1152921504606846976.

சி மொழியின் விதிப்படி சைன்டு எண் வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. நடைமுறையில் பெரும்பாலான கணினிகளில் எண் மறுபக்கம் சுற்றிக்கொண்டு மைனஸாக வந்து நிற்கும்.

இந்தப் பார்சர் 1.4.0-க்காகப் புதிதாக எழுதப்பட்டதல்ல. என்ஜின்எக்ஸ் இடைத்தரகராக (ப்ராக்ஸி) நிற்கும்போது, அதன் பின்னால் இருக்கும் சர்வர்கள் அனுப்பும் சங்க்டு பதில்களைப் படிக்க 1.1.4 பதிப்பிலிருந்தே இதே கணக்கு இருந்தது. அந்தப் பக்கத்துக்கும் அதே மே மாதத்தில் தனியாக ஒரு சிவிஇ எண் கொடுத்தார்கள், 2013-2070. பின்னால் இருக்கும் சர்வர் பெரும்பாலும் நம்முடையதாகவே இருக்கும். அது பொய்யான அளவு சொல்லும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2012 நவம்பர் 27 அன்று வந்த 1.3.9 பதிப்பில், கிளையன்ட் அனுப்பும் கோரிக்கையின் உடலையும் சங்க்டு முறையில் படிக்கும் வசதி சேர்ந்தது. அன்றைக்கு இந்தக் கணக்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டக்கூடிய வாசலுக்கு வந்தது. கோடின் வரிகள் அப்படியேதான் இருந்தன. எதிரில் நிற்பவர் மட்டும் மாறிவிட்டார்.

ஒரே மாறிக்கு இரண்டு வேலை

பார்சர் கணக்கிட்ட நீளம், கோரிக்கையின் நீளத்தை வைத்திருக்கும் பொதுவான ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த மாறிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. நீளம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் குறிக்க அதில் -1 வைத்திருப்பார்கள். அந்த -1 இருப்பதால் மாறி சைன்டாகத்தான் இருக்க வேண்டும். நீளம் என்ற பொருளும், நீளம் இல்லை என்ற பொருளும் ஒரே இடத்தில்.

இது தவறா என்று கேட்டால், சி மொழியில் இது ஊரறிந்த பழக்கம், நானும் எழுதியிருக்கிறேன். அதுவரை அது சிக்கல் தரவும் இல்லை. காரணம், அந்த மாறிக்கு மதிப்பு வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தது, அந்த வழியில் காவல் இருந்தது. கன்டென்ட்-லென்த் தலைப்பில் வரும் எழுத்துகளை எண்ணாக்கும் ஃபங்ஷன் இலக்கம் அல்லாத எதையும் ஏற்காது. முடிவில் எண் மைனஸாகிவிட்டால் பிழை என்று திருப்பிவிடும், கிளையன்டுக்குத் தவறான கோரிக்கை என்ற 400 பதில் போகும். ஆகவே உள்ளே இருந்த மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தன: உடல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இந்த மாறியில் மைனஸ் எண் இருக்க வழியில்லை. அந்த நம்பிக்கை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. வகையிலும் தெரியவில்லை. சங்க்டு முறை இரண்டாவது வாசலைத் திறந்தபோது, முதல் வாசலில் நின்ற காவலை அங்கேயும் நிறுத்த வேண்டும் என்று நினைவூட்ட யாரும் இல்லை, எதுவும் இல்லை.

தூக்கிப்போடும் இடத்தில் விழுந்த ஓட்டை

எண் எங்கே வெடித்தது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கோரிக்கையின் உடலைப் பயன்படுத்தும் இடத்தில் அல்ல. அதைப் படித்துத் தூக்கிப்போடும் இடத்தில்.

ஒரு நிலையான கோப்பைக் கேட்டு கோரிக்கை வருகிறது, கூடவே தேவையில்லாமல் ஓர் உடலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்கு அந்த உடல் வேண்டாம். ஆனால் இணைப்பைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் அந்தப் பைட்டுகளை வாசித்து அகற்றியாக வேண்டும். அதற்கென்று ஒரு சிறிய ஃபங்ஷன். ஸ்டாக்கில் 4096 பைட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) ஒன்றை வைத்துக்கொண்டு, மிச்சம் 0 ஆகும்வரை அதில் வாங்கி வாங்கி மறந்துவிடும். யாருக்கும் வேண்டாத தரவைக் கையாளும் கோடு என்பதால் மதிப்பாய்வில் கண் அதன்மேல் நிற்பதே இல்லை. வெளியிலிருந்து வந்த பைட் என்றால், அதைப் பயன்படுத்தினாலும் வீசினாலும் நினைவகத்தைத் தொட்டுத்தானே போகிறது.

அந்தச் சுழற்சியில் இரண்டு கேள்விகள்தான். முதலாவது, மிச்சம் சரியாக 0-ஆ? -1152921504606846976 என்பது 0 அல்ல, மேலே போ. இரண்டாவது, மிச்சம், 4096 இரண்டில் எது சிறியதோ அதை எடு. எது சிறியது? மைனஸ் எண்தான். கணக்கு வாத்தியார் கேட்டாலும் அதே விடைதான். அப்புறம் அந்த விடையை சைஸ்-டி வகைக்கு, அதாவது அன்சைன்டு எண்ணுக்கு, காஸ்ட் செய்து, அதாவது வகையை மாற்றி, ரிசீவ் ஃபங்ஷனிடம் கொடுத்தார்கள். 64 பிட் அன்சைன்டாகப் படிக்கும்போது அது சுமார் 17 குவின்டிலியன், 1-க்குப் பின் பதினெட்டு சுழியங்கள் வரும் அளவில் பதினேழு. 4096 பைட் பஃபருக்கு இவ்வளவு வாங்கிக்கொள் என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்லியாயிற்று.

லினக்ஸ் கர்னல் அவ்வளவு பெரிய எண்ணைத் தன் உள்வரம்புக்குக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வரம்பு 4096-ஐவிடப் பல மடங்கு பெரியது. சாக்கெட்டில் வந்து காத்திருக்கும் பைட்டுகள் எவ்வளவோ அவ்வளவையும் அது எழுதும். தாக்குபவர் 4096-க்கு மேல் அனுப்பியிருந்தால் மிச்சம் பஃபரைத் தாண்டி, ஃபங்ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரி இருக்கும் இடம்வரை போகும்.

ஒரு நுணுக்கம். பார்சர், துண்டின் அளவோடு முடிவில் வரவேண்டிய சில பைட்டுகளையும் கூட்டித்தான் மிச்ச நீளத்தைச் சொல்லும். ஆகவே எஃப் எழுத்தைப் பதினாறு தடவை அனுப்பி -1 வரவழைத்தால் இந்தப் பாதையில் பலன் இல்லை, கூட்டலுக்குப் பின் அது சிறிய பிளஸ் எண்ணாகிவிடும். மைனஸ் 1-ஐ மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ஒருவர் முடிவுகட்டியிருந்தால், பிழை அவர் கண்முன்னாலேயே ஒளிந்திருந்திருக்கும்.

கம்பைலர் ஏன் பேசவில்லை

கலப்பு ஒப்பீட்டுக்கு எச்சரிக்கை கொடுக்கும் சைன்-கம்பேர் வசதி ஜிசிசி கம்பைலரில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆஃப்-டி சைன்டு, 4096 என்ற மாறிலியும் சைன்டு. சைன்டு எண்ணை அன்சைன்டாக மாற்றும்போது எச்சரிக்கும் சைன்-கன்வர்ஷன் வசதி பேசியிருக்கலாம். ஆனால் காஸ்ட் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. வெளிப்படையான காஸ்ட் என்றால், எழுதியவர் தெரிந்தேதான் செய்கிறார் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஓடும்போது இப்படிப்பட்ட குறிமாற்றத்தைப் பிடிக்கும் கிளாங் சானிடைசரும் அதே முறையில்தான் நடக்கும், வெளிப்படையாக எழுதிய காஸ்டைத் தொடாது.

இங்கே ஒரு மாற்று வரலாற்றைக் கற்பனை செய்து பார்த்தேன். 4096 என்ற மாறிலிக்குப் பதிலாக, பஃபரின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் மதிப்பை எழுதியிருந்தால்? சைஸ்ஆஃப் தருவது அன்சைன்டு. 64 பிட் கணினியில் ஒப்பீட்டுக்கு முன் மைனஸ் எண் பிரம்மாண்டமான பிளஸ் எண்ணாக மாறும், இரண்டில் சிறியது 4096 என்று வரும், ஸ்டாக் தப்பித்திருக்கும். பாடங்களில் எது தவறு என்று சொல்லித் தருகிறார்களோ, அதே கலப்பு ஒப்பீடு இங்கே தற்செயலாகக் காப்பாற்றியிருக்கும். அதே கோடை 32 பிட் கணினியில், ஆஃப்-டி மட்டும் 64 பிட்டாக வைத்துக் கம்பைல் செய்தால் கதை மறுபடி திரும்பும். அங்கே சைஸ்ஆஃப் 32 பிட் அன்சைன்டு, அதன் எல்லா மதிப்பும் 64 பிட் சைன்டுக்குள் அடங்கிவிடும், ஆகவே ஒப்பீடு சைன்டாகவே நடக்கும், மைனஸ் எண் ஜெயிக்கும். பிறகு காஸ்ட் கீழ் 32 பிட்டை மட்டும் வெட்டி எடுக்கும். அந்தக் கீழ் 32 பிட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் தாக்குபவர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

ஒரே வரி, இரண்டு கணினி, இரண்டு விடை. இப்படிப்பட்ட வரியைப் படித்துச் சரியா தவறா என்று தலைக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சொல்ல என்னால் முடியாது. யாராலும் எப்போதும் முடியும் என்றும் நான் நம்பவில்லை. குறைந்தபட்சத்தை எடுக்கும் வரிக்கு முன்னால், இந்த எண் 0-க்குக் கீழே போகுமா என்று தனியாக ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்க வேண்டும். நீளத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. இங்கே மேல் முனைக்குத்தான் வேலி போட்டார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்பாச்சியில்

இதையெல்லாம் படித்தபோது என்னை உண்மையில் வருந்தவைத்தது வேறொன்று. இதே பிழை, இதே சங்க்டு முறையில், 2002 ஜூனில் அப்பாச்சி சர்வரில் வெளியாகியிருந்தது. சிவிஇ-2002-0392. 1.3 வரிசையில் 1.3.24 வரையும், 2.0 வரிசையில் 2.0.36 வரையும் பாதிப்பு. அங்கேயும் துண்டின் அளவு சைன்டு எண்ணில்தான் சேர்ந்தது. அங்கேயும் பஃபர் அளவோடு ஒப்பிட்டுச் சிறியதை எடுத்தார்கள், மைனஸ் எண் அந்த ஒப்பீட்டைத் தாண்டி, நகலெடுக்கும் இடத்தில் அன்சைன்டாக மாறியது. 32 பிட் கணினிகளின் காலம் அது, எட்டு ஹெக்ஸ் இலக்கமே போதுமானது.

அப்போது ஒரு வாதம் எழுந்தது. இவ்வளவு பெரிய நகலெடுப்பு என்றால் ப்ராசஸ் உடனே செத்துவிடும், ஆகவே 32 பிட் யூனிக்ஸில் இதைக் கொண்டு கோடு ஓட்ட முடியாது என்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சில நாட்களிலேயே ஓப்பன்பிஎஸ்டியில் ஓடும் தாக்குதல் கோடு வெளியானது. பிஎஸ்டி அமைப்புகளில் மெம்காப்பி என்ற நகலெடுக்கும் ஃபங்ஷன் எழுதப்பட்டிருந்த விதம் அதற்கு வழிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களைத் தாக்கும் ஸ்கால்பர் என்ற, தானாகவே பரவும் வோர்மும் வந்துவிட்டது. செயலி சாகும் அளவுக்குப் பெரிய எண் என்பதை ஒரு பாதுகாப்பாகக் கருதக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2013-லும் இதே போன்ற ஆறுதல் ஒன்று கையில் இருந்தது. ஸ்டாக்கில் கேனரி (மேலெழுதப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும் ரகசிய எண்) இருக்கிறது, முகவரிகள் கலைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, என்ன ஆகிவிடும் என்று. என்ஜின்எக்ஸில் ஒரு வொர்க்கர் செத்தால் மாஸ்டர் ப்ராசஸ் உடனே இன்னொன்றை ஃபோர்க் செய்யும், அதாவது தன் நகலாக உருவாக்கும். ஃபோர்க் ஆனதற்கு அதே கேனரி, அதே முகவரி அமைப்பு. ஒரு பைட்டை ஊகித்து அனுப்பு, இணைப்பு அறுந்தால் தவறு, அறாவிட்டால் சரி, அடுத்த பைட்டுக்குப் போ. ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சிகள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2014-ல் இந்த வழியைப் பயன்படுத்தி, எதிர்ப்பக்கத்தில் ஓடும் பைனரியின் நகல்கூடக் கையில் இல்லாமல், என்ஜின்எக்ஸ் 1.4.0-வைக் கைப்பற்றிக் காட்டினார்கள். செத்தாலும் உடனே எழுந்துகொள்ளும் சர்வர் என்ற நல்ல குணமே தாக்குபவருக்கு எண்ணற்ற வாய்ப்புகளைக் கொடுத்தது.

இந்தக் குடும்பத்தின் வேறு முகங்கள்

ஃப்ரீபிஎஸ்டி கர்னலில் 2002 ஆகஸ்டில் வெளியான அறிவிப்பு ஒன்று, அக்செப்ட், கெட்சாக்நேம், கெட்பியர்நேம் ஆகிய சிஸ்டம் கால்களைப் பற்றியது. முகவரியை எழுதுவதற்கு எவ்வளவு இடம் வைத்திருக்கிறேன் என்று பயனர் சொல்லும் எண்ணைக் கர்னல் சைன்டாக எடுத்துக்கொண்டு, முகவரியின் நீளத்தோடு ஒப்பிட்டுச் சிறியதைத் தேர்ந்தெடுத்தது. மைனஸ் எண் சொன்னால் கர்னல் தன் சொந்த நினைவகத்தைப் பயனருக்கு அள்ளிக் கொடுத்துவிடும். என்ஜின்எக்ஸில் பைட் உள்ளே பாய்ந்தது, இங்கே வெளியே கசிந்தது, வரி அதே வரி.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அன்சைன்டாக எழுதிவிட்டால் முடிந்ததா? இல்லை என்பதற்கு லினக்ஸில் 2016-ல் திருத்தப்பட்ட சிவிஇ-2016-9793 சாட்சி. சாக்கெட்டின் அனுப்பும் பஃபர், பெறும் பஃபர் அளவுகளை நிர்வாக உரிமையோடு வலுக்கட்டாயமாக அமைக்கும் இடம் அது. கேட்ட அளவை இரட்டிப்பாக்கி, ஒரு குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பெரியதை எடுப்பார்கள். ஒப்பீடு நடந்தது 32 பிட் அன்சைன்டில், விடை போய்ச் சேர்ந்தது சைன்டு மாறியில். அன்சைன்டு கண்ணுக்கு மைனஸ் எண் பிரம்மாண்டமாகத் தெரிந்ததால் அதுவே ஜெயித்தது, மாறியில் மைனஸாகவே உட்கார்ந்தது. 4.8.14-ல் வந்த திருத்தம் ஒப்பீட்டைச் சைன்டுக்கு மாற்றியது. என்ஜின்எக்ஸுக்கு நேர் எதிர்த் திசை.

ரிசீவ் திருப்பித் தரும் மதிப்பை சைஸ்-டி மாறியில் வாங்கிவிட்டு, 0-க்குக் கீழா என்று கேட்பது அன்றாடம் காணும் தவறு. கேள்வியின் விடை எப்போதும் இல்லைதான், மைனஸ் 1 அங்கே 18446744073709551615 ஆகிவிட்டது. இதைச் சொல்ல ஜிசிசியில் எச்சரிக்கை இருக்கிறது, எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளை இயக்கினால் கிடைக்கும்.

ஆனால் எனக்கு அதிக நேரம் எடுத்தது, ஓர் எழுத்தை வைக்கும் ஒரு பைட் வகையான சார். ஒரு பழைய கோடில், இரண்டு பைட் நீளத்தைச் சார் பஃபரிலிருந்து எடுத்து, முதல் பைட்டை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி, இரண்டாவதோடு ஆர் (பிட்டுகளை ஒன்றுசேர்க்கும் செயல்) செய்திருந்தார்கள். பைட்டுகள் 1, 200 என்றால் வர வேண்டியது 456. எக்ஸ்86 சிப்பில் ஓடும் லினக்ஸில் சார் சைன்டு, ஆகவே 200 என்பது -56. அதன் மேல் பிட்டுகள் எல்லாம் 1, ஆர் செய்யும்போது முதல் பைட்டையே விழுங்கிவிட்டு விடை -56 என்றே வரும். ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் சார் அன்சைன்டு, அங்கே சரியாக 456. சோதனைக் கருவி ஏஆர்எம், ஓடும் சர்வர் எக்ஸ்86. அதோடு, கீழ் பைட் 128-க்குக் குறைவாக இருக்கும் செய்திகள் எல்லாம் இரண்டிலும் சரியாகவே போயின. சில செய்திகள் மட்டும் உடைகின்றன என்ற புகாரோடு நெட்வொர்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். பல நாட்கள் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்த பிறகுதான், கம்பியில் எல்லாம் சரி, தவறு நம் கையில் என்று புரிந்தது. அன்றிலிருந்து நெட்வொர்க் பஃபர் என்றால் 8 பிட் அன்சைன்டு வகையைத் தவிர வேறெதையும் நான் எழுதுவதில்லை.

சைன்டு எண்ணே வேண்டும் என்ற இடமும் நெட்வொர்க் கோடில் உண்டு. டிசிபி வரிசை எண்கள் 32 பிட் அன்சைன்டு, 4294967295-ஐத் தாண்டினால் 0-க்குத் திரும்பும். எது முந்தியது என்று நேரடியாக ஒப்பிட்டால் அந்தத் திருப்பத்தில் விடை தவறிவிடும். அதனால் லினக்ஸும் பிஎஸ்டியும் முதலில் அன்சைன்டாகக் கழிக்கின்றன, பிறகு அந்த வித்தியாசத்தைச் சைன்டாகப் படித்து 0-க்குக் கீழா என்று பார்க்கின்றன. 4294967290-க்குப் பின் வரும் 5 என்பது 11 அடி முன்னால் என்று சரியாகத் தெரியும். அழகான கோடு அது. குறியை மாற்றிப் படிப்பது அங்கே தெரிந்து எடுத்த முடிவு, எதற்காக என்பதும் ஃபங்ஷனின் பெயரிலேயே இருக்கிறது.

திருத்தமும் அதில் விடுபட்டதும்

1.4.1-ல் வந்த திருத்தம் பார்சரின் முடிவில் ஒரே ஒரு நிபந்தனை: துண்டின் அளவோ மிச்ச நீளமோ 0-க்குக் கீழே போனால் கோரிக்கையை நிராகரி. உடனே பதிப்பை மாற்ற முடியாதவர்களுக்கு, சங்க்டு கோரிக்கை வந்தாலே 444 கொடுத்து இணைப்பைத் துண்டிக்கும் கான்ஃபிக் வரிகளையும் கூடவே கொடுத்தார்கள். அவசரத்துக்கு இரண்டும் சரியான முடிவுகள். தூக்கிப்போடும் ஃபங்ஷனில் அல்லாமல் எண் பிறக்கும் இடத்தில் தடை வைத்ததும் சரி, அந்த எண்ணைப் பயன்படுத்தும் மற்ற இடங்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் பெருக்கி முடித்த பிறகு மைனஸா என்று பார்ப்பது, எண் மைனஸில் போய் நிற்கும்போது மட்டும்தான் உதவும். 16 இலக்கத்தோடு நிறுத்தாமல் 17 இலக்கம் அனுப்பினால்? 1, அதன்பின் பதினைந்து சுழியங்கள், கடைசியில் 5. பதினாறாவது இலக்கம்வரை எண் பிளஸ்தான். பதினேழாவதில் 16 ஆல் பெருக்கும்போது முதலில் இருந்த 1 மேலே தள்ளப்பட்டு வெளியே விழுந்துவிடும், மிஞ்சுவது 5. மைனஸ் இல்லை, பெரிய எண்ணும் இல்லை. ஸ்டாக் உடையாது, பதிவேட்டிலும் எதுவும் தெரியாது. ஆனால் இந்தச் சர்வருக்கு முன்னால் இன்னொரு ப்ராக்ஸி இருந்து, அது இதே அளவை வேறு மாதிரிப் புரிந்துகொண்டால், கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஒருவருக்கு உடலாகத் தெரியும் பைட்டுகள் இன்னொருவருக்குப் புதிய கோரிக்கையாகத் தெரியும்.

ஆகவே பெருக்கும் முன்பே கேட்க வேண்டும்: கையில் இருக்கும் மதிப்பு, வகையின் உச்சத்தைப் பதினாறால் வகுத்ததைவிடப் பெரியதா? பெரியது என்றால் இனி ஓர் இலக்கத்துக்கும் இடமில்லை, நிராகரி. என்ஜின்எக்ஸ் பார்சருக்குள் பின்னாளில் சேர்ந்தது இந்தச் சோதனைதான். மேலே சொன்ன 17 இலக்க எண் இப்போது அங்கே பதினேழாவது எழுத்தோடு நின்றுவிடும். மைனஸ் எண் உருவாவதற்கே வழி கிடையாது. சைன்டு வரம்பு மீறல் நடப்பதும் இல்லை என்பதால் கம்பைலர் என்ன செய்யுமோ என்ற கவலையும் போயிற்று.

கூட்டலிலும் இதே ஒழுங்குதான். தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டி மொத்தத்துக்குள் அடங்குகிறதா என்று கேட்டால், கூட்டலே சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடலாம். தொடக்க இடம் மொத்தத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்துக்குள் நீளம் அடங்குகிறதா என்று கேட்டால் சுற்றுவதற்கு எதுவும் இல்லை.

கம்பியிலிருந்து நீளத்தைப் படிக்கும் பார்சர் உங்களிடம் இருந்தால், 32 பிட் புலத்துக்கு 2147483647, 2147483648, 4294967295 ஆகிய மூன்றையும், எழுத்தாக வரும் ஹெக்ஸ் நீளத்துக்கு எஃப்-ஐத் தொடரும் பதினைந்து சுழியங்களையும், இந்த 17 இலக்க எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். உடலைப் பயன்படுத்தும் பாதையில் ஒரு தடவை, அதை வாசித்துத் தூக்கிப்போடும் பாதையில் இன்னொரு தடவை. முதல் நான்கில் செயலி விழுந்தால் உடனே தெரிந்துவிடும். கடைசி எண்ணுக்கு மட்டும் எதுவும் விழாது. பார்சர் அதை 5 என்று வாங்கிக்கொண்டு, எல்லாம் சரி என்ற 200 திருப்பி அனுப்புகிறதா, 400 அனுப்புகிறதா என்று விடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.